மின்சார கிதார்: வீட்டிலேயே பழுது பார்க்கலாம், சொந்தமாகவும் செய்யலாம்!

"எர்த்" ஒயரை மறந்தால் உயிருக்கே ஆபத்து

ஊரிகம்:

பெங்களூர் நகரத்தில் மின்விளக்கு எரிந்தது 1905-ம் ஆண்டில். ஆனால் கோலார் தங்கவயலுக்கு அதற்கு 3 ஆண்டுகள் முன்பே, 1902-ல், மின்சாரம் வந்துவிட்டது. காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியாக வந்து சுரங்க எந்திரங்களை ஓட்டியது. அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று.

அன்று முதல் மோட்டாருக்குச் சுருள் சுற்றுவதும், ஈயம் பற்றவைப்பதும், மீட்டர் வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த வேலை ஆயிற்று. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. தகப்பனார் சுரங்கத்தில் இறங்கினார். பிள்ளை விடியற்காலை ரெயில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறான். ஆனால் கற்ற தொழில் கையை விட்டுப் போய்விடுவது இல்லை.

அந்தக் கைத்திறமைக்கு ஏற்ற பொழுதுபோக்கு ஒன்று உண்டு. மின்சார கிதாரைப் பழுது பார்ப்பதும், பிறகு சொந்தமாகவே ஒன்று செய்வதும்தான் அது. மாதா கோவில் பாடகர் குழுவிலும், கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரியிலும் கிதார் இல்லாமல் முடியாது. ஆனால் ஒரே ஒரு ஒயர் விட்டுப் போன காரணத்துக்காக எத்தனையோ கிதார்கள் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கின்றன.

டைனமோவின் தம்பி

மின்சார கிதாரில் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது. தந்திகளுக்குக் கீழே "பிக்கப்" என்ற ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதற்குள் காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியும் இருக்கும். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. உடனே சுருளில் சிறிய மின்சாரம் பிறக்கிறது. ஆம்பிளிபயர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த விதி இது. சிவசமுத்திரத்தில் டைனமோ சுழன்று மின்சாரம் கொடுத்ததும் இதே விதிப்படிதான்.

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம், அடால்ப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் 1931-32-ல் இந்த முறையில் ஒரு கிதாரைச் செய்தார்கள். தோசைக்கல்லுக்குக் கைப்பிடி போட்டதுபோல இருந்ததால் அதற்குப் "பொரிக்கும் சட்டி" என்றே பெயர் வந்துவிட்டது.

காந்தத்தால் இயங்குவதால், இந்தக் கிதாருக்கு எஃகு அல்லது நிக்கல் கலந்த தந்திகளே வேண்டும். நைலான் தந்தி போட்டுவிட்டு, "சத்தம் வரவில்லையே" என்று கடைக்கு ஓடிப் பயன் இல்லை.

அடுப்பங்கரைச் சட்டம் கிதார் ஆனது

சொந்தமாகக் கிதார் செய்வது நம்மால் ஆகுமா என்று தயங்குகிறவர்கள் பிரையன் மேயின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். "குவீன்" என்ற புகழ்பெற்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கிதார் கலைஞர் இவர்.

1963-ல் பிரையன் பள்ளி மாணவர். கடையில் இருந்த கிதாரை வாங்கக் குடும்பத்தில் வசதி இல்லை. மின்னணு வேலை தெரிந்த தகப்பனார் ஹெரால்டுடன் சேர்ந்து தாமே ஒன்று செய்யத் தொடங்கினார். பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டத்து மரம் கிதாரின் கழுத்து ஆயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் தந்தியை ஆட்டும் கருவிக்குள் போயின. தாயாரின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள் விரல் பலகையில் அடையாளப் புள்ளிகள் ஆயின.

வேலை முடிய ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆயிற்று. பிறகு உலகம் முழுவதும் லட்சக்கணக்கான மக்கள் முன்னால் ஒலித்தது அந்தக் கிதார்தான்.

அவர் முதலில் தாமே சுற்றிய பிக்கப்புகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. கடையில் வாங்கிப் பொருத்தினார். அவையும் கூச்சலிடவே, சுருள் அசையாதபடி அரால்டைட் பசையை ஊற்றி அடக்கினார். எல்லாவற்றையும் தாமே செய்துதான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காததும் ஒரு கெட்டிக்காரத்தனமே ஆகும்.

எர்த் ஒயரே முதல் பாடம்

கிதாரைத் திறப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கிதாருக்குள் ஓடும் மின்சாரம் மிகமிகச் சிறியது. அதனால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆபத்து ஆம்பிளிபயரில் இருக்கிறது.

இரைச்சலைக் குறைப்பதற்காகக் கிதாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக எர்த் ஒயரோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த ஒயர் ஆம்பிளிபயரின் இரும்புப் பெட்டிக்குப் போகிறது. பெட்டி நல்லபடியாக எர்த் ஆகியிருந்தால் பயம் இல்லை. எர்த் இல்லாத பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால், வாசிப்பவர் விரல் வைத்திருக்கும் தந்தியிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். அந்த நிலையில் மைக்கை உதட்டாலோ கையாலோ தொட்டால், மின்சாரம் உடலின் வழியாகப் பாயும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1972-ல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில், ஸ்வான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வே என்ற கிதார் கலைஞர் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். 1976-ல் "யார்ட்பேர்ட்ஸ்" குழுவின் பாடகர் கீத் ரெல்ப், தம் வீட்டிலேயே, சரியாக எர்த் செய்யப்படாத கிதாரை வாசித்தபோது உயிர் இழந்தார். அவருக்கு வயது 33.

ஆகவே, மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை எந்தக் காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. "சாக்கெட்டில் ஏறவில்லை", "இரைச்சல் வருகிறது" என்று சொல்லி எர்த் ஒயரைக் கழற்றிவிடும் வழக்கம் பல பந்தல்களில் உண்டு. அது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல. தயாரித்தவர்களே இரண்டு முனையோடு கொடுக்கும் சிறிய அடாப்டர் வேறு. மூன்று முனையை வெட்டி இரண்டாக்குவது வேறு.

சோதிப்பது எளிது. பிளக்கைச் சாக்கெட்டில் இருந்து முழுவதும் உருவிவிட்டு, பிளக்கின் பெரிய முனையில் மல்டிமீட்டரின் ஒரு முள்ளையும், ஆம்பிளிபயரின் இரும்புப் பாகத்தில் மற்றொன்றையும் வைக்க வேண்டும். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டினால் பெட்டிவரை ஒயர் சரி. காட்டாவிட்டால் அந்தப் பெட்டியை மேடை ஏற்றக் கூடாது. பிறகு, சாக்கெட்டுக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்பதை ஒயர்மேனைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சையும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. கூடினால், ஜாக்கில் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். விரலில் "சுர்" என்று இழுத்தால் தந்தியில் இருந்து கையை எடுத்துவிட்டு, உடனே மெயின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும்.

புதியவர்கள் ஆம்பிளிபயரை, முக்கியமாக வால்வு உள்ள பழைய பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கண்டன்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

நாலு பழுது, நாலு மருந்து

கிதாரில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சில்லறைக் கோளாறுகளே. மல்டிமீட்டர், 25 முதல் 40 வாட் வரையுள்ள சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ளே வைத்த ஈயக்கம்பி, இரண்டு திருப்புளி ஆகியவை போதும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ இவை எல்லாம் கிடைக்கும். ஆசிட் பிளக்ஸ் மட்டும் வேண்டாம். அது ஒயரை அரித்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

சத்தம் விட்டு விட்டு வந்தால்: முதலில் ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்தது ஜாக். அதன் நட்டு தளர்ந்து, உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்திருக்கும். மறுபடியும் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

குமிழைத் திருப்பும்போது கரகரத்தால்: உள்ளே கரித்தடத்தில் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் சிறிது அடித்து, குமிழை இருபது முப்பது முறை திருப்பினால் தீர்ந்துவிடும். தேங்காய் எண்ணெயும் மெஷின் எண்ணெயும் உதவாது. தீராவிட்டால் குமிழையே மாற்ற வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் போடுவது வழக்கம்.

ஒரு பிக்கப் மட்டும் பேசாவிட்டால்: அதன் ஒயரைக் கழற்றி மீட்டரில் அளக்க வேண்டும். ஒற்றைச் சுருள் பெரும்பாலும் 5 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துள்ளது. பல சமயம் வெளிமுனையில், பற்றவைத்த இடத்திலேயே அறுந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மீட்டுவிடலாம். சுருளுக்குள் அறுந்திருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டியதுதான். 42-ம் நம்பர் எனாமல் கம்பியில் ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள். மோட்டார் வைண்டிங் தெரிந்தவர்களுக்கு இது பழகிய வேலை; ஆனால் கம்பி மிக மெல்லியது, பொறுமை வேண்டும்.

மேலே போகப் போக சுருதி விலகினால்: 12-வது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை மெல்லத் தொட்டு மணிபோல ஒரு ஒலி எழுப்ப வேண்டும். பிறகு அதே மெட்டில் தந்தியை அழுத்தி வாசிக்க வேண்டும். அழுத்தி வாசித்தது ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் உள்ள தாங்கியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்; இறங்கி ஒலித்தால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

செய்யத் துணிந்தவர்களுக்கு

பழைய கிதார் ஒன்றையாவது பிரித்து மூட்டியவரே புதிதாகச் செய்யத் துணியலாம். முதல் முயற்சியில் கழுத்தை விலைக்கு வாங்கி, உடலை மட்டும் செய்வது புத்திசாலித்தனம். உடலுக்கு நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். ஈரம் உள்ள மரம் ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும். பழைய கதவு, நிலை, கட்டில் சட்டம் ஆகியவற்றில் கிடைக்கும் தேக்கு பல ஆண்டுகள் காய்ந்தது. கனம்தான் கொஞ்சம் அதிகம்.

கழுத்தையும் செய்கிறவர்கள் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகின் மேல் வைத்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி அமைப்பார்கள். கிதாரில் மெட்டு மரத்தில் அறைந்து நிற்பது. தப்பினால் நகர்த்த முடியாது.

கணக்கு இதுதான். தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37. நட்டில் இருந்து அந்தத் தூரத்தில் முதல் மெட்டு. மீதம் உள்ள 611.63-ஐ மறுபடியும் 17.817-ஆல் வகுத்தால் 34.33, ஆக, இரண்டாம் மெட்டு நட்டில் இருந்து 70.70 மில்லிமீட்டரில் வரும். இப்படியே போனால் 12-வது மெட்டு சரிபாதியான 324-ல் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கணக்கில் பிழை. கணக்கை முடித்துக்கொண்டு, எல்லா மெட்டுகளையும் நட்டில் இருந்தே அளந்து கோடு போட வேண்டும். ஒரு மெட்டில் இருந்து அடுத்த மெட்டுக்கு அளந்தால் சிறுபிழைகள் சேர்ந்து பெரும்பிழை ஆகிவிடும்.

ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடை அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. அதைத் தாங்கவே உள்ளே இரும்புத் தண்டு வைக்கிறார்கள். அதைத் திருக நேர்ந்தால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் கூடாது. சுரங்கத்தில் முட்டுக்கொடுத்து வேலை பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரத்தை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் மூக்கை மூடும் முகமூடி அவசியம். கல்தூசி நெஞ்சில் படிந்து எத்தனை சுரங்கத் தொழிலாளர்கள் இருமி இருமி மடிந்தார்கள் என்பதை இங்கே குடும்பத்துக்குக் குடும்பம் அறிவார்கள். மரத்தூசியும் நெஞ்சுக்குப் பகைதான்.

நம் சங்கீதத்துக்கும் பொருந்தும்

இது மேல்நாட்டுக் கருவி ஆயிற்றே என்று ஒதுக்கத் தேவையில்லை. நான்கு ஜோடித் தந்திகள் கொண்ட மாண்டலினை, ஒற்றைத் தந்திகள் ஐந்து உள்ள மின்சார மாண்டலினாக மாற்றி, அதில் கமகங்களைக் கொண்டுவந்தவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1998-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2014-ல் சென்னையில் காலமானார். ராணிப்பேட்டையைச் சேர்ந்த ஆர். பிரசன்னா மின்சார கிதாரிலேயே கர்நாடக சங்கீதம் வாசித்துப் பெயர் பெற்றவர். வாசிக்கிறவரின் தேவைக்கு ஏற்பக் கருவியை மாற்றலாம் என்பதற்கு இவர்களே சாட்சி.

இந்த வேலையைப் புத்தகத்தில் மட்டும் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. சால்டரிங் அயர்ன் எப்போது சூடேறியது, ஈயம் எப்போது சரியாக ஓடியது என்பதைப் பக்கத்தில் இருந்து ஒருவர் காட்ட வேண்டும். வீட்டிலோ பக்கத்து லைனிலோ சுரங்க மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கிதாரையும் ஆம்பிளிபயரையும் அவரிடம் எடுத்துக்கொண்டு போகலாம். கிதாரை அவர் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பிளக்கைக் கையில் வாங்கி, எர்த் முனை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.