பழைய பெரிய ஆம்ப்பா, புதிய சின்ன ஆம்ப்பா?

ஒரு காலத்தில் இரண்டு மூன்று லட்ச ரூபாய்க்கு விற்ற ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் இப்போது நாற்பதாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கை பரபரக்கத்தான் செய்யும். அதே பணத்துக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பது ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சாதாரண மாடல். பழையதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எதை எடுப்பது?

ஏவி ரிசீவர் என்று கடைகளில் சொல்லப்படும் இந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி எந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று பவர் ஆம்ப். ட்ரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர்கள், அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள், ஹீட் சிங்க் எல்லாம் இதில் சேர்த்தி. இன்னொன்று கம்ப்யூட்டர். எச்டிஎம்ஐ போர்டு, டால்பி, டிடிஎஸ் ஒலியைப் பிரித்தெடுக்கும் சிப், அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் மென்பொருள் ஆகியவை இதில் வரும். முதல் எந்திரம் செய்யும் வேலை பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. இரண்டாவது நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பழசாகிவிடுகிறது. விலை சரிவது இரண்டாவதால். நாம் ஆசைப்படுவதோ முதலாவதன் மேல்.

யமஹாவின் ஆர்எக்ஸ்-இசட்11 என்ற மாடலைப் பாருங்கள். 2007இல் வந்தது. 11 சேனல் ஆம்ப், 34 கிலோ எடை, அமெரிக்காவில் அன்றைய விலை 5,499 டாலர். இன்றும் ஸ்பீக்கரை ஓட்டுவதில் அது சோடை போகாது. ஆனால் இன்றைய 4கே பெட்டியை அதில் செருகினால் ஒன்று படம் 1080பி-க்கு இறங்கும், இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். காரணம், 4கே படங்களுக்கான எச்டிசிபி 2.2 என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு 2013இல்தான் வந்தது. இணைப்பில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் அந்தச் சாவி தெரிந்திருக்க வேண்டும். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸும் அதில் கிடையாது, அதுவும் பின்னால் வந்ததுதான். 2012 டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ அட்மாஸ் ஒலியோடு தியேட்டருக்கு வந்தது. வீட்டு ரிசீவர்களுக்கு அட்மாஸ் வர 2014 ஆகிவிட்டது.

ஆகவே பழைய பெட்டி என்றால் முதல் கேள்வி, அது எந்த ஆண்டின் மாடல் என்பதே. விற்பவர் ‘எச்டிஎம்ஐ இருக்கு சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். 2006 வரையிலானவற்றில் எச்டிஎம்ஐ இருந்தாலும், ப்ளூ-ரே தரும் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி ஒலிகளைப் பிரிக்கத் தெரியாது. 2007 முதல் 2013 வரையிலானவற்றில் பெரும்பாலானவை அந்த ஒலிகளைப் பிரிக்கும். இன்றைய 4கேயும் அட்மாஸும் வராது. 2014 தான் வழுக்குப்பாறை. அட்மாஸ் இருக்கும், 4கே என்றும் எழுதியிருக்கும், ஆனால் அந்த ஆண்டின் பல மாடல்களில் எச்டிசிபி 2.2 இல்லை. 2016 முதல் எச்டிஆர் படம், அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் ஒலி எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டன.

என்னைக் கேட்டால் 2016 முதல் 2019 வரையிலான உச்ச மாடல்கள்தான் செகண்ட் ஹேண்டில் வாங்க ஏற்றவை. டெனான் ஏவிஆர்-எக்ஸ்6300எச், மராண்ட்ஸ் எஸ்ஆர்8012 இரண்டிலும் 11 சேனல் ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. 2018இல் வந்த டெனான் எக்ஸ்8500எச்-இல் 13. இவற்றில் கிடைக்காதது எச்டிஎம்ஐ 2.1, அதாவது விநாடிக்கு 120 ஃப்ரேம் ஓடும் 4கே. அது தேவைப்படுவது பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆடுபவர்களுக்கு. அவர்களும் கேம் பெட்டியை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஆம்ப்புக்கு அனுப்பிக்கொள்ளலாம். புதியது என்பதாலேயே இதில் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2020இல் வந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் பலவற்றில் சிப் கோளாறால் எக்ஸ்பாக்ஸின் 4கே 120 சிக்னல் போகாமல், தயாரிப்பாளர்கள் பிறகு மாற்று வழி தர வேண்டியிருந்தது.

டிவியிலிருந்து ஒலி திரும்பி வரும் வழியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிவியின் ஏஆர்சி துளை வழியாக ஓடிடி தரும் அட்மாஸ் வந்துவிடும், ஏனென்றால் அது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் இருக்கிறது. ப்ளூ-ரேயின் தரம் இழக்காத ஒலி வரவேண்டுமானால் இஏஆர்சி வேண்டும். பழைய ஆப்டிகல் கேபிளில் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான். வீட்டில் ஓடிடி மட்டுமே பார்ப்பவர்கள், டிஸ்க் வாங்காதவர்கள், இஏஆர்சி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

வாட்ஸ் கணக்கில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 100 வாட்ஸ் ஆம்ப்புக்கும் 140 வாட்ஸ் ஆம்ப்புக்கும் ஒலி அளவில் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை டெசிபல். காது சட்டென்று கண்டுபிடிக்காது. வாட்ஸை இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் ஏறும். அதோடு, விளம்பரத்தில் அச்சிடும் எண் பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரின் அருமை வேறு இடத்தில் தெரியும். 4 ஓம் ஸ்பீக்கர், பெரிய கூடம், எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் அலறும் சண்டைக் காட்சி: இந்த மூன்றும் சேர்ந்தால் சின்ன ரிசீவர் திணறும், பெரியது அசையாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சாதாரண புத்தக அலமாரி ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 34 கிலோ இரும்பு வெறும் பெருமைதான். அதைவிட அறைத் திருத்தம் செய்யும் நல்ல மென்பொருள் பாஸ் ஒலியில் காட்டும் மாற்றம் அதிகம். டெனானின் எக்ஸ்3800எச் போன்ற புதிய நடுத்தர மாடலில்கூட ஆடிசி எக்ஸ்டி32 என்ற அறைத் திருத்தம், நான்கு சப்வூஃபருக்கான துளைகள், காசு கட்டினால் டிராக் லைவ் என்ற இன்னொரு திருத்த மென்பொருள் என்று எல்லாம் வந்துவிட்டன.

பழையது கெட்டுப்போனால்? பவர் ஆம்ப் பகுதியில் ட்ரான்சிஸ்டர் போனாலோ கெப்பாசிட்டர் உப்பினாலோ கைத்திறமையுள்ள மெக்கானிக் மாற்றிவிடுவார். எச்டிஎம்ஐ போர்டு போனால் பெரும்பாலும் கதை முடிந்தது. உதிரிப் பாகம் வருவது நின்றிருக்கும், சிப்பின் கால்கள் அடியில் மறைந்திருப்பதால் சாதாரண சால்டரிங் அயர்ன் அங்கே எட்டாது. 2009 முதல் 2012 வரை தயாரான சில ஆன்கியோ மாடல்களில் இந்தப் போர்டு தொல்லை பரவலாக இருந்ததால், நிறுவனமே வாரண்டியை 2018 வரை நீட்டித்தது. அந்தக் காலகட்டத்து ஆன்கியோ பெட்டி கண்ணில் பட்டால் நான் விலகிப் போவேன்.

சூடுதான் இவற்றுக்கு எமன். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகும். மூடிய அலமாரிக்குள் சென்னை வெயிலில் பத்து வருடம் ஓடியதும், ஏசி அறையில் திறந்த ஸ்டாண்டில் ஓடியதும் ஒன்றாகாது. ஆகவே எங்கே வைத்திருந்தார்கள் என்று போய்ப் பாருங்கள். மேல்மூடியின் துளைகள் வழியாக டார்ச் அடித்தால் தூசி, துரு, பல்லி எச்சம் எல்லாம் தெரியும். கடற்கரை ஊர் என்றால் பின்பக்க இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முக்கியமாக, பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடலுக்கு 100 வோல்ட், அமெரிக்க மாடலுக்கு 120. நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு சரி. தகுந்த அளவு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்தான், அதன் விலையையும் இரைச்சலையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது உங்கள் சொந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையும் கேபிளையும் கொண்டுபோய் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளையிலும் செருகிப் பாருங்கள். டெஸ்ட் டோன் ஓட்டி எல்லாச் சேனலையும் கேளுங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பல கோளாறுகள் பெட்டி சூடான பிறகுதான் தலைகாட்டும். டீ குடித்தபடி பேரம் பேச அதுவே நல்ல நேரம். அறைத் திருத்தத்துக்கான அளவீட்டு மைக் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு கம்பெனியின் மைக் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

ஏற்கெனவே பழைய பெரிய ஆம்ப் வீட்டில் இருக்கிறது, அல்லது அடிமாட்டு விலைக்கு வருகிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. அதன் பின்னால் மல்டி-சேனல் இன்புட் என்ற ஆர்சிஏ துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ப்ரீ-அவுட் (பவர் ஆம்ப்புக்கு முந்தைய ஒலியை வெளியே தரும் துளைகள்) உள்ள ஒரு புதிய நடுத்தர ரிசீவரை வாங்கி அதன் வெளியீட்டை இந்தத் துளைகளில் கொடுத்துவிடலாம். 4கே, அட்மாஸ், அறைத் திருத்தம் எல்லாம் புதியதன் பொறுப்பு. ஸ்பீக்கரைத் தள்ளுவது பழையதன் பொறுப்பு. பழையதன் எச்டிஎம்ஐ செத்திருந்தால்கூடப் பல நேரம் இதற்குத் தடையில்லை, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பழையதன் வால்யூமை ஒரு எண்ணில் நிறுத்திவிட்டுப் புதியதன் அளவீட்டை ஓட்டுங்கள். அந்த எண்ணை முகப்பிலேயே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். வீட்டில் யாராவது குமிழைத் திருகிவிட்டால் பழையபடி அந்த எண்ணுக்கே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அளந்ததெல்லாம் தப்பாகிவிடும்.