நன்னீரில் ஸ்கூபா சோதனை முக்குளிப்பு

சோதனை முக்குளிப்பு என்பது, கடலில் இறங்கும் முன் ஸ்கூபா கருவிகளும் அவற்றை அணிபவரின் எடைச் சமநிலையும் சரியாக உள்ளனவா என்பதை அலையும் நீரோட்டமும் இல்லாத நீரில் பார்த்துக்கொள்வதாகும். நீச்சல் குளம், பண்ணைக்குட்டை, கிணறு போன்ற தனியார் நீர்நிலைகள் உரிமையாளரின் அனுமதியோடு இதற்குப் பயன்படலாம். புதியவர்களின் பயிற்சியும் பெரும்பாலும் இத்தகைய நீரில்தான் தொடங்குகிறது.

இடச்சூழல்

2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. முக்குளிப்புக்கு உரிய மன்னார் வளைகுடா, கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் தூத்துக்குடியில் உள்ளது. குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணறும் குளமும் ஏராளம். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகுவது இப்பகுதியின் பழைய வழக்கம்.

மூச்சடக்குதலும் ஸ்கூபாவும்

கிணற்றில் மூழ்குபவரும் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவரும் மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குபவர்கள். நுரையீரலில் உள்ள காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். ஸ்கூபாவில் நிலைமை வேறு. ஆழத்திலேயே, அங்குள்ள நீரழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து மேலே வரும்போது கூட இது நேரலாம். நன்கு நீந்தத் தெரிந்தவர் பழக்கத்தால் மூச்சை அடக்கிவிடக்கூடும். ஆகவே ‘ஆழமில்லாத குளம்தானே’ என்று பயிற்றுநர் இல்லாமல் இறங்குவது தவறு. ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் நிறுத்தக்கூடாது என்பதே.

சோதிக்க வேண்டியவை

* உருளை: இதில் இருப்பது பொதுவாக அழுத்தப்பட்ட காற்று, பேச்சுவழக்கில் சொல்வதுபோல் ஆக்சிஜன் அல்ல. தூய ஆக்சிஜன் சுமார் 6 மீட்டருக்குக் கீழே நச்சாகும் அபாயம் உண்டு. அழுத்தமானி, வால்வு, ‘ஓ’ வளையம் ஆகியவற்றில் கசிவு இருந்தால் நீருக்குள் குமிழ்கள் காட்டிக்கொடுக்கும்.
* ரெகுலேட்டர்: முதன்மை வாய்க்கருவியும் மாற்று வாய்க்கருவியும் நீருக்கடியில் தடையின்றிக் காற்றுத் தர வேண்டும்.
* மிதவைச் சட்டை: காற்றை ஏற்றவும் இறக்கவும் முடிய வேண்டும், ஏற்றிய காற்று இறங்காமல் நிற்க வேண்டும்.
* முகக்கவசம்: உள்ளே புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றிப் பழக வேண்டும்.

நன்னீர் அளவும் கடல் அளவும்

ஒரு லிட்டர் நன்னீரின் எடை சுமார் 1 கிலோ. கடல்நீரின் எடை சுமார் 1.025 கிலோ. கருவிகளோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள ஒருவர் குளத்தில் மூழ்காமலும் மிதக்காமலும் நின்றால், கடலில் அதே நிலைக்கு அவருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ ஈயம் கூடுதலாகத் தேவைப்படும். வழக்கமான 11 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் நிறைந்துள்ள காற்றின் எடையும் ஏறக்குறைய இவ்வளவே. காற்று தீரத் தீர உடல் இலகுவாகும். ஆகவே உருளை காலியாகும் நிலைக்கு ஏற்ப எடையைத் தீர்மானிப்பர். குளத்தில் சரிபார்த்த எடையை அப்படியே கடலுக்குக் கொண்டுசெல்லக் கூடாது.

நீர்நிலையின் ஆபத்துகள்

கிணற்றில் மின்மோட்டாரை நிறுத்தி, மின்இணைப்பைத் துண்டித்த பிறகே இறங்க வேண்டும். உறிஞ்சுகுழாய், பழைய கயிறு, நைலான் வலை ஆகியவை உடலிலோ கருவியிலோ சிக்கலாம். வண்டல் கலங்கினால் நொடிகளில் பார்வை மறையும். பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டையின் சரிவு வழுக்கும் என்பதால், கட்டிய கயிறோ ஏணியோ இல்லாமல் கரையேறுவது கடினம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அண்டை மாநிலமான கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் 2024-இல் உயிரிழப்புகள் ஏற்பட்டன. இந்த வகை அமீபாக்களுள் ஒன்று வெதுவெதுப்பான நன்னீரிலிருந்து மூக்கு வழியே நுழைகிறது. முகக்கவசம் கழற்றும் பயிற்சிக்குப் பராமரிக்கப்படும், குளோரின் இட்ட நீச்சல் குளமே பாதுகாப்பானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அருவிகள் ஏற்றவையல்ல

குற்றால அருவிகளின் தடாகங்கள் சோதனை முக்குளிப்புக்கு உகந்தவை அல்ல. விழும் நீரில் காற்றுக்குமிழ்கள் நிறைந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைகிறது. அமைதியான நீரில் மிதக்கும் உடல் அங்கே அமிழலாம். மலையில் பெய்யும் மழை முன்னறிவிப்பின்றி வெள்ளமாக இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். சோதனைக்கு வேண்டியது அசையாத நீர், தெரியும் அடித்தளம், எளிதில் கரையேறும் வழி, தகுதி பெற்ற துணையாளர் ஆகியவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அங்கே இறங்கக் கூடாது.