மலையுச்சியில் ஒரு பந்தாட்டம்



பாலைவனத்திற் புல் வளர்த்து அதன்மீது பந்தாடுகின்றனர் என்றால் நம்மிற் பலர் நம்பத் தயங்குவோம். ஆனால் அஃது உண்மை. அரபு நாட்டு எண்ணெய் வயல்களிற் பணி புரியச் சென்ற மேல்நாட்டார் முதலில் புல்லுக்கு வழியின்றி, மணலில் எண்ணெயைக் கலந்து இறுக்கி, அதன்மேல் கோல்ப் விளையாடினர். பின்னர் 1988ஆம் ஆண்டில் துபாய் நகரில் எமிரேட்ஸ் கோல்ப் கழகத்தின் மைதானம் திறக்கப்பட்டது. முழுவதும் பசும்புல் பரப்பிய மைதானம் அவ்வட்டாரத்திற்கு அதுவே முதலாவதாகும். அங்கே ஒவ்வொரு புல்லும் மனிதன் ஊற்றும் நீரால் உயிர் வாழ்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு மைதானம் நம் மலைநாட்டில் உண்டு. நுவரெலியா நகரின் நடுவே, பீதுருதாலகாலை மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கோல்ப் மைதானத்தையே கூறுகிறேன். அங்கே நீருக்குக் குறைவில்லை. மழையும் மூடுபனியும் வேண்டிய மட்டும் உண்டு. பாலையில் ஆடுவோன் வெயிலோடும் மணலோடும் போராடுகிறான். இங்கே ஆடுவோன் சரிவோடும் குளிரோடும் ஈரத்தோடும் போராடுகிறான். கண்ணுக்கு இனிய இடமே காலுக்கும் கைக்கும் கடினமான இடமாக இருப்பதுதான் இரண்டிற்கும் பொதுவான இயல்பு.

முதலில் ஆட்டம் இன்னதென்று சுருங்கச் சொல்லிவிடுகிறேன். சிறிய வெள்ளைப் பந்து ஒன்று. அதன் எடை 46 கிராமுக்கு மேற்படலாகாது. அதனை அடிப்பதற்குரிய கோல்கள் பல. ஆயினும் ஒருவர் 14 கோல்களுக்கு மேல் எடுத்துச் செல்லுதல் விதிக்கு மாறாகும். தொடக்க மேடையிலிருந்து பந்தை அடித்து, தொலைவில் கொடி நாட்டியிருக்கும் குழியில் வீழ்த்த வேண்டும். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். இவ்வாறு 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். நுவரெலியா மைதானத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஏறத்தாழ எழுபது அடிகளில் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. புதியவர் நூற்றைத் தாண்டுவார். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

இவ்வாட்டம் இம்மலைக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. 1819ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் இவ்விடத்தைக் கண்டு வெளியுலகிற்கு எடுத்துரைத்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஈண்டு ஒரு மாளிகை கட்டினார். அதுவே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாயிற்று. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1885ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்து, 1889ஆம் ஆண்டில் நுவரெலியா கோல்ப் கழகம் தோன்றியது. கொழும்பில் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1879இல் ஒரு கழகம் இருந்தது. கல்கத்தாவிலோ 1829ஆம் ஆண்டிலேயே கழகம் கண்டுவிட்டனர். துரைமார் சென்றவிடமெல்லாம் தங்கள் ஆட்டத்தையும் உடன் கொண்டு சென்றனர் எனலாம்.

இனி, இம்மைதானத்தின் கடினம் எத்தகையது என்று பார்ப்போம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,128 அடி உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் காற்று அடர்த்தி குறைந்தது. பறக்கும் பந்தைத் தடுத்து நிறுத்துவது காற்றே ஆதலால், தடை குறையுமிடத்துப் பந்து மிகுதொலைவு செல்லும். கொழும்பில் 200 கெஜம் செல்லும் அடி இங்கே பத்துப் பன்னிரண்டு கெஜம் கூடுதலாகச் செல்லக்கூடும். கீழ்நாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரர் தம் கைவலிமையே கூடிவிட்டதென மகிழ்வர். அடுத்த நொடியில் பந்து புல்தரையைத் தாண்டி மரங்களுக்கிடையே மறைவதையும் காண்பர்.

இதற்கு எதிரான காரணம் ஒன்றும் உண்டு. குளிர்ந்த காற்று வெப்பக் காற்றினும் அடர்ந்தது. அன்றியும் குளிர்ந்த பந்து துள்ளுந்திறன் குன்றும். ஆகவே அதிகாலையில் ஒரு தொலைவும் நண்பகலில் வேறு தொலைவுமாகப் பந்து பறக்கும். நேற்றைய கணக்கை இன்றைக்குப் பயன்படுத்துவோன் ஏமாறுவான்.

அடுத்தது நிலத்தின் அமைப்பு. பந்து செல்லவேண்டிய புல்வழிகள் குறுகியவை. இருபுறமும் சைப்பிரசும் பைனும் யூக்கலிப்டசும் மதில்போல் நிற்கின்றன. நீரோடைகள் குறுக்கே ஓடுகின்றன. சமமாக நின்று அடிக்கும் இடம் அரிது; ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் இருக்கும். காலுக்கு மேலே பந்து இருந்தால் அது இடப்புறம் திரும்பும். கீழே இருந்தால் வலப்புறம் ஓடும். வலக்கையரைப் பற்றியே கூறுகிறேன். இடக்கையர்க்கு இது மாறி நிகழும். எனவே நீளத்தால் மிரட்டும் மைதானம் அன்று இது. வலிமையைக் காட்டிலும் நிதானத்தையே இது வேண்டுகிறது.

மூன்றாவது வானம். ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டங்களின்போது மக்கள் வெள்ளம் நுவரெலியாவை நிறைக்கும். அம்மாதப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் திடீரெனத் தோன்றும். வெட்டவெளியில் உலோகக் கோலை உயர்த்தி நிற்பதைவிட ஆபத்தானது வேறில்லை. இதை நினைவூட்டுவதுபோல் மைதானத்தின் அருகே பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்ற மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் கல்லறை அங்குள்ளது. அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். மின்னல் அச்சம் உண்டென ஆட்டக்காரர் கருதினால், எவர் அனுமதியையும் எதிர்பாராது ஆட்டத்தை நிறுத்தலாம் என்பது கோல்ப் விதி. நல்ல விதி அது.

நான்காவது உறைபனி. தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் நுவரெலியாப் புல்வெளி வெண்மையாக விடியும். அப்போது புல்லின் உள்ளிருக்கும் நீரும் உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். அதன்மேல் காலடி பட்டால் புல்லின் நுண்ணறைகள் நொறுங்கும். பனி உருகிய சில நாட்களில் நடந்தவரின் காலடித் தடங்கள் கருகிய புள்ளிகளாகத் தோன்றும். அதனால் வெயில் ஏறிப் பனி உருகும் வரை காத்திருப்பதே முறை. கொழுந்து கருகுவதைக் கண்டு பழகிய தோட்ட மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தோட்ட மக்கள் என்றதும் இன்னொன்றைச் சொல்லாது இப்பேச்சை முடிக்க இயலாது.

ஆட்டக்காரரின் கோற்பையைச் சுமந்து உடன் செல்வோரைக் கெடி என்பர். சுமை தூக்குவோர் என்றே பலரும் எண்ணுகின்றனர். விதிநூல் அவ்வாறு கருதவில்லை. போட்டியின்போது ஆட்டக்காரர் ஒருவர் எந்தக் கோலை எடுப்பது, எத்திசையில் அடிப்பது என்று யோசனை கேட்கத்தக்கவர் மிகச் சிலரே. கூட்டாட்டமாயின் தம் கூட்டாளியும் அவருடைய கெடியும். எவ்வாட்டமாயினும் தம் கெடி. பிறரிடம் கேட்டால் பொதுவாகத் தண்டம் உண்டு. எத்துணைப் பெரிய மனிதராயினும் மைதானத்தில் அவர் நாடத்தக்க அறிவு அந்தப் பையைச் சுமப்பவரிடமே இருக்கிறது.

என் சிறிய தந்தையார் இளமையில் கெடியாக இருந்தவர். லயத்தில் பிறந்து, பெரட்டுக்குப் போகும் வயதில் பை சுமக்கப் போனவர். மாலையில் வீடு திரும்பியதும் அடுப்படியில் அமர்ந்து, சாம்பலில் விரலால் கோடிழுத்து ஒவ்வொரு குழியின் சரிவையும் எங்களுக்குக் காட்டுவார். மழைநீர் எப்பக்கம் வடிகிறதோ அப்பக்கமே பந்தும் ஓடும் என்பது அவர் பாடம். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவனுக்கு இது பெரிய வித்தையா என்று சிரிப்பார். பதினெட்டுக் குழிகளும் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் ஒருமுறையேனும் பந்தை அடித்ததில்லை. அடித்துப் பார்க்க எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கோல்ப் ஆட்டத்தின் தாயகமாகிய ஸ்கொட்லாந்தின் செயின்ட் அண்ட்ரூஸ் நகரில், பழைய மைதானம் பொதுநிலமாகும். கழக உறுப்பினரல்லாதாரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டமின்றி ஊர்மக்கள் அங்கே உலாவுகின்றனர். ஊராருடைய புல்வெளியிற் பிறந்த ஆட்டம், கடல் கடந்து வந்தபோது துரைமாரின் கழகத்துக்குள் புகுந்துகொண்டது. இன்று காலம் மாறியுள்ளது. நுவரெலியா மைதானம் கழகத்துக்குரியதே ஆயினும், வெளியூரார் அன்றைய கட்டணம் செலுத்தி ஆடலாம். இலங்கையின் தங்கராஜா, மிதுன் பெரேரா முதலியோர் இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் வென்று பெயர் பெற்றுள்ளனர். எனினும் நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று எண்ணிக் கூலி பெறும் குடும்பத்திற்கு அக்கட்டணம் எளிதன்று. கெடிகளின் பிள்ளைகள் ஒரு மாலையேனும் கோல் பிடித்துப் பழக வழி செய்தால், மைதானத்திற்கு எக்குறையும் நேராது. நாட்டுக்கு ஆட்டக்காரர் கிடைப்பர்.

சென்ற தைமாதம் நான் அங்கே முதன்முறையாக ஆடினேன். என்னுடன் வந்த கெடி ஓர் இளைஞர். நான் ஒரு கோலை எடுத்தால், அவர் பணிவோடு வேறொன்றை நீட்டுவார். அவர் சொற்படி அடித்தபோது பந்து புல்வழியில் நின்றது. என் எண்ணப்படி அடித்தபோது ஓடையில் விழுந்தது. முடிவில் 121 அடிகள். பாதிக் குழிகளை அவராலேயே கடந்தேன் என்பது என் கணக்கு.

அன்று மாலை லயத்துக்குச் சென்று சிறிய தந்தையாரைக் கண்டேன். முதுமையால் அவருக்குக் கண் மங்கிவிட்டது. விளையாடி வந்த செய்தியைச் சொன்னேன். எத்தனை அடி என்று அவர் கேட்பாரென எண்ணி, நாணத்தோடு விடையை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்து, "பனி காய்ந்த பிறகுதானே புல்லில் கால் வைத்தாய், தம்பி?" என்றார்.

ஆம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.