ஒரு பிரதி போதாது: கணனியும் எங்கள் காணிக் கடதாசிகளும்

1990களில் வெள்ளவத்தையில் காலி வீதி வழியாக நடந்தவர்களுக்கு இரண்டு விதமான பெயர்ப்பலகைகள் நினைவிருக்கும். ஒன்று, வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துத்தரும் 'கொமியூனிக்கேசன்' கடை. மற்றது கணனி வகுப்பு. கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து லொட்ஜுகளிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்த எங்கள் பிள்ளைகள் பலர் கணனியை முதன்முதலாகத் தொட்டது இங்கேதான். யாழ்ப்பாணத்தில் 1990 முதல் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள்.

அக்காலத்தில் மகளைக் கணனி வகுப்பில் சேர்த்திருந்த ஒரு கமக்காரத் தகப்பன் என்னிடம் கேட்டார்: "சுவாமி, இவ்வளவு காசு கட்டுறன். இந்தப் பெட்டி எங்கட வயலுக்கு என்ன செய்யும்?" அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

மேசைக்கு வந்த கணனி

ஆரம்பகாலக் கணனிகள் ஓர் அறையையே நிரப்பின. கணிக்கும் பகுதி முழுவதையும் ஒரு சிறிய சில்லில் அடக்கும் முறை 1971இல் விற்பனைக்கு வந்தபின்னரே சிறு கணனிகள் சாத்தியமாயின. 1981 ஓகஸ்ட் 12இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணனியை அறிமுகப்படுத்தியது. அதன் மிகக் குறைந்த நினைவகம் 16 கிலோபைற். அதாவது ஏறக்குறைய 16,000 ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடம்.

இலங்கை அதிகம் பிந்தவில்லை. 1982 ஒக்ரோபர் சனாதிபதித் தேர்தல் முடிவுகளை ரூபவாகினியில் மும்மொழியிலும் கணனி மூலம் காட்டியது, கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் குழு. 1984இல் 'சின்ரெக்' எனப்படும் கணனிச் சபை சட்டமூலம் அமைந்தது. 1987இல் ஜப்பானிய உதவியுடன் அதே பல்கலைக்கழகத்தில் கணனித் தொழில்நுட்ப நிறுவகம் தொடங்கியது.

களமும் பட்டடையும்

அலுவலகங்களில் கணனிக்கு முதல் வேலையாக அமைந்தது கடிதம் அடிப்பது. ரைப்ரைட்டரில் விசையை அழுத்தியவுடன் எழுத்து கடதாசியில் விழுந்துவிடும். ஒரு பெயர் விடுபட்டால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்கவேண்டும். சொற்செயலி என்னும் மென்பொருள், எழுதுவதையும் அச்சிடுவதையும் பிரித்துவைத்தது. முதலில் திரையில் எழுதலாம், திருத்தலாம், பந்தியை இடம் மாற்றலாம், கடைசியில் அச்சிடலாம். 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் அவற்றுள் புகழ்பெற்றது. அதில் 'கொன்ட்ரோல்' விசையுடன் கே, எஸ் என்ற விசைகளை அழுத்தினால் எழுதியது சேமிக்கப்படும். அன்றைய மாணவர்களுக்கு இது மனப்பாடம்.

சேமிப்பது ஏன்? திரையில் எழுதுவது தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. அது சூடு மிதித்த களத்தில் குவிந்துகிடக்கும் நெல் போன்றது. இரவு மழை வந்தால் போய்விடும். வட்டில் சேமித்தது பட்டடையில் சேர்த்த நெல். 1996இல் வரட்சியால் நாடெங்கும் மின்வெட்டு இருந்தபோது, கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகத்தில் ஒரு பிள்ளை காலை முழுவதும் அடித்த குடும்பப் பட்டியல் ஒரு நொடியில் மறைந்ததை நேரில் கண்டேன். அவர் அழவில்லை, முதல் பெயரிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

தமிழுக்கு வந்த இடர்

தமிழ் ரைப்ரைட்டரை 1930களில் மலாயாவிலிருந்து உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா. கணனியிலும் எம்மவர் முயற்சி பிந்தவில்லை. 1984இல் கனடாவில் முனைவர் கு. சீனிவாசன் 'ஆதமி'யை உருவாக்கினார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு' வந்தது. இலங்கையில் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. ஆனால் பல அலுவலக மேசைகளில் தமிழில் அடிக்க வசதி இருக்கவில்லை.

சிக்கல் இதுதான். கணனிக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கவேண்டும். முதலில் எண் கிடைத்தவை ஆங்கில எழுத்துகள். எனவே தமிழுக்கு எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் எண்ணில் தமிழ் வடிவத்தைப் பொருத்தினார்கள். எம்மவரிடையே பரவிய பாமினி எழுத்துரு அவ்வகையானது. அதில் 'அம்மா' என்று எழுதினால் கணனி வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளையே. பாமினி இல்லாத கணனியில் திறந்தால் அம்மா தெரியமாட்டார். அந்தக் குறிகளே தெரியும். வேறு எழுத்துருக்களில் வேறு ஒழுங்கு.

1991இல் வெளிவந்த ஒருங்குறி (யுனிகோட்) முறையில் தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. அதில் 'அ' என்பதன் எண் 2949. உலகின் எந்தக் கணனியிலும் அது 'அ'தான். இன்று கைத்தொலைபேசியில் தமிழில் செய்தி அனுப்ப முடிவது இதனாலேயே.

உங்கள் பெயர் அந்த வட்டில் இருக்கலாம்

இது எங்கள் வயலுக்கு எப்படித் தொடர்பு? 1990களில் நலன்புரி நிலையங்களிலும் கொழும்பு அலுவலகங்களிலும் அடிக்கப்பட்ட மனுக்கள், குடும்பப் பட்டியல்கள், இழப்பு விபரங்கள் பல பிளொப்பி வட்டுகளில் பாமினியில் கிடக்கின்றன. எந்த ஆண்டில், எந்தக் கிராமத்தில், எந்தக் காணியில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அவை துணைச் சாட்சி. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரின் காணிகள் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை என்பதை நினைத்தால் அதன் பெறுமதி விளங்கும். வட்டின் காந்தப் பூச்சோ ஆண்டுதோறும் பழுதடைகிறது. அதை வாசிக்கும் கருவியும் அருகிவிட்டது.

ஆகவே செய்யக்கூடியவை:

1. உங்கள் சங்கமோ பங்கோ பழைய வட்டுகளை வைத்திருந்தால் எறியவேண்டாம். கணனியில் வெளியே இருந்து பொருத்தும் பிளொப்பி வாசிப்பானால் இப்போதே பிரதியெடுங்கள்.

2. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் உண்டு. மாற்றியபின் பெயர்களையும் இலக்கங்களையும் பழைய கடதாசியுடன் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்கவேண்டும்.

3. காணி உறுதியைப் படம் எடுத்துவைப்பது நல்லது. ஆனால் படம் உறுதியாகாது. உறுதி தொலைந்தாலும் மனம் தளரவேண்டாம். நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் தேடுவது இலகு. அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

4. விதைநெல்லை ஒரே மூட்டையில் வைப்பதில்லை. பிரதிகளையும் அப்படியே மூன்று இடங்களில் வையுங்கள்: வீட்டில் ஒன்று, வேறூரில் உள்ள உறவினரிடம் ஒன்று, கணனியில் ஒன்று.

ஐ.பி.எம். கணனி வந்த அதே 1981இல்தான், யூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறு பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அந்த இழப்பை அறிந்தவர்களாலேயே 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகம் தொடங்கி வளர்ந்துவருகிறது.

அந்தத் தகப்பனுக்கு இன்று சொல்லக்கூடிய பதில் இது: இந்தப் பெட்டி உழாது, விதைக்காது. ஆனால் அந்த வயல் உங்களுடையது என்று சொல்லும் கடதாசியை உங்கள் மகள் இதில் காப்பாற்ற முடியும். இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, உறுதி இலக்கத்தையும் திகதியையும் காணியின் நான்கு எல்லைகளையும் வீட்டில் மூத்தவர் சொல்லச்சொல்லப் பிள்ளையைக் கொண்டு எழுதிவையுங்கள். மற்ற வேலைகளை அங்கிருந்து தொடங்கலாம்.