ஒளியை உணரும் சாயம்

பட்டுப் புடவையை வெயிலில் உலர்த்தலாகாது என்பது காஞ்சீபுரத்துக் குழந்தைகளும் அறிந்த விஷயம். மீறினால் சாயம் வெளிறிவிடும். ஏன் வெளிறுகிறது என்று வகுப்பில் கேட்டால், "வெயில் சுடுகிறது, ஸார்" என்றே பையன்கள் சொல்வார்கள். பெரும்பாலும் சூடு அல்ல, ஒளியே அதற்குக் காரணம். ஒளியில் ஒரு பகுதியை விழுங்குவதனாலேயே சாயத்திற்கு நிறம் உண்டாகிறது. விழுங்கிய சக்தியால் சாயத்திலுள்ள எலெக்ட்ரான் துள்ளி எழுந்து, மறுகணமே பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அதற்குள் பிராணவாயு குறுக்கிட்டால் சாயம் சிதைந்துபோகும்.

துள்ளிய எலெக்ட்ரானை நாம் பிடித்துக்கொண்டால் என்ன? அதுவே மின்சாரம், ஒளி விழுந்ததற்கு அத்தாட்சி.

1928-ல் ஸ்காட்லாந்துச் சாயத் தொழிற்சாலை ஒன்றில், பாத்திரத்தின் பூச்சு உடைந்ததால் தற்செயலாக ஒரு நீலப் பொருள் கிடைத்தது. தாலோசயனின் என்பது அந்த இனத்தின் பெயர். அவ்வினத்துத் தாமிரச் சாயத்தோடு வேறொரு சாயத்தையும் இரு மெல்லிய படலங்களாகப் படியச் செய்து, கோடாக் கம்பெனியைச் சேர்ந்த டாங் என்ற விஞ்ஞானி மின்சாரம் எடுத்ததை 1986-ல் வெளியிட்டார். சூரிய ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தேறியது. ஆனால் வழி பிறந்துவிட்டது.

இரண்டு படலங்கள் எதற்கு? நம் ஊர்த் தறியில் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையை நினைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரான் ஒரு பொருளை விட்டு மற்றதற்குத் தாவுவது இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான். ஒளி தந்த சக்தியோ, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் அணைந்துவிடும். ஆகையால் இரு பொருள்களையும் ஒரே கரைசலில் கலந்து, எங்கும் கோர்வையாகவே இருக்கும்படி செய்யும் முறை பின்னால் வந்தது. மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டில் கரைசலைச் சொட்டி வேகமாகச் சுழற்றினால், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள படலம் பரவி உலரும். அதன்மேல் அலுமினியம் பூசினால் ஒளியுணர் கருவி தயார்!

பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர் கே. எஸ். நாராயண் குழுவினர் இத்தகைய படலங்களை நெடுநாள் ஆராய்ந்தவர்கள். டெல் அவீவ் சர்வகலாசாலையினருடன் சேர்ந்து 2014-ல் அவர்கள் வெளியிட்ட பரிசோதனை மனத்தைத் தொடுவது. கோழிக் கருவின் விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் முதிருமுன்பே நரம்பணுக்கள் அமைந்துவிடுகின்றன. அந்தக் குருட்டுத் திரையைப் படலத்தின்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினார்கள், நரம்பணுக்கள் துடித்தன.

பார்வை வந்துவிட்டது என்று கூறலாகாது. துடிப்பு வேறு, காட்சி வேறு. ஆயினும் மனிதரிலும் சில நோய்களில் ஒளியை உணரும் அணுக்கள் மட்டும் அழிந்து, பின்னுள்ள நரம்புகள் பெருமளவு பிழைத்திருக்கின்றன. அவர்களுக்கு இது சிறிய செய்தியா? தடை, புடவைக்கு உள்ள அதே தடைதான். பிராணவாயுவும் ஈரமும் ஒளியும் சேர்ந்தால் இப்படலங்கள் கெடும். கண்ணுக்குள் மூன்றும் உண்டு. அங்கே வருஷக்கணக்கில் வெளிறாதிருக்கும் சாயம் வேண்டும்.