பிட்காயினை யாரும் ஏன் கடையில் கொடுப்பதில்லை?

2008-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான கட்டுரை, பிட்காயினை மின்னணு ரொக்கம் என்றே அறிமுகப்படுத்தியது. வங்கியின் துணையின்றி ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாகக் கொடுக்கும் பணம். தொடக்கத்தில் வைத்திருந்தவர்கள் சிலர் அதை நம்பிச் செலவும் செய்தார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெச் என்ற மென்பொருளாளர், 2010 மே 22 அன்று இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அன்றைய மதிப்பு சுமார் 41 டாலர். 2021 நவம்பரில் ஒரு பிட்காயினே 60,000 டாலரைத் தாண்டியிருந்தது. அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு; ஆனால் பிட்காயினைப் பணமாகப் பயன்படுத்தியவர் அவர்தான்.

விலை ஏறும் என்ற எண்ணம் வந்துவிட்டால் கையில் உள்ளவர் செலவழிக்க மாட்டார். இன்று ஏறி நாளை இறங்கும் ஒன்றை வாங்கிக்கொள்ளக் கடைக்காரரும் தயங்குவார். மிஞ்சுவது, நம்மிடமிருந்து கூடுதல் விலைக்கு வாங்க இன்னொருவர் வருவார் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. 'நாளைய பணம்' என்று சொல்லி வீட்டுச் சேமிப்பைக் கேட்கிறவர்களிடம், இதைக் கொடுத்து இதுவரை என்ன வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. அரசின் செயலியில் சேர்ந்தவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயினையும் கொடுத்தது. பலர் அதைச் செலவழித்ததோடு செயலியை மறந்துவிட்டார்கள். கடைகள் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை 2025 ஜனவரியில் அந்நாடே நீக்கியது.