ஓட்டல் மேடையில் பிறந்த கொச்சி ராக்

கலூர் ஸ்டேடியம் நிலையத்தில் மெட்ரோ ரயிலேறி வைற்றிலா பக்கம் வேலைக்குப் போகிற தமிழன்பர்கள் பலர். அந்தப் பாதையில் வைற்றிலாவை அடுத்து வருவது தைக்கூடம். '96' படத்தின் பாடல்களில் மனதைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் புதிதாக இருக்காது. அப்படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா முன்னின்று நடத்திய கோஷ்டிக்குப் பெயரே 'தைக்கூடம் பிரிட்ஜ்'தான்.

கிட்டாரும் டிரம்ஸுமாக இன்று மேடையை அதிர வைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னோடிகள் இதே நகரில் இருந்தார்கள். '13 ஏ.டி.' என்று அவர்களுக்குப் பெயர். தமிழில் சொன்னால் 'கி.பி. 13'. 1970-களின் பிற்பகுதியில் கொச்சியில் உருவான இந்த ராக் கோஷ்டியை அந்நாளைய கல்லூரி மாணவர்கள் இன்றும் மறக்கவில்லை.

சண்முகம் செட்டியார் சாலையில்

எர்ணாகுளத்தில் காயலைப் பார்த்தபடி நீண்டு கிடக்கிறது சண்முகம் ரோடு. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்துக்குத் திவானாக இருந்து, பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயர் தாங்கிய சாலை அது. அங்கேதான் 'சீலார்டு' ஓட்டல் இருக்கிறது. 13 ஏ.டி.யின் பெயர் வளர்ந்தது அந்த ஓட்டல் மேடையில்.

ஓட்டலில் வாசிப்பது என்றால் நம்மவர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பதுண்டு. இலங்கை வானொலியின் ஆங்கில நிகழ்ச்சியைக் காதோடு வைத்துக் கேட்டவர்களும் கூட, வீட்டுப் பிள்ளை அதையே தொழிலாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்க மாட்டார்கள். ஆனால் மேல்நாட்டு இசையைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அன்று சோறு போட்ட இடம் ஓட்டல்தான். சென்னை மவுண்ட்ரோடில் சபையர் தியேட்டர் கட்டடத்திலிருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில், பட்டுப் புடவையும் பொட்டுமாக 1969-ல் பாட ஆரம்பித்த தமிழ்ப் பெண் உஷா ஐயர்தான் பிற்பாடு உஷா உதுப் என்று நாடறிந்தவரானார். பீட்டில்ஸ் கோஷ்டியினர் மட்டும் என்ன? 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கிளப்புகளில் இரவு முழுக்க மற்றவர் பாட்டுகளை வாசித்துத்தான் கை பழகினார்கள்.

கொச்சிக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. போர்ச்சுகீசியர் காலந்தொட்டு மாதாகோயில் பாடகர் குழுக்கள் நிறைந்த ஊர் இது. ஆர்கனும் வயலினும் இங்கே அன்னியப் பொருள்கள் அல்ல. 13 ஏ.டி.யில் இடம் பெற்றவர்களின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: எலோய் ஐசக்ஸ், டிரம்ஸ் வாசித்த பின்சன் கொரையா, கிட்டார் வாசித்த ஜாக்சன் அரூஜா.

"ரிக்கார்டு மாதிரியே!"

ஓட்டல் கோஷ்டியின் பாடு லேசானதல்ல. ஒரு மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், அடுத்த மேசையில் வியாபாரம் பேசுவார்கள். இடையே யாராவது சீட்டில் ஒரு பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அது லண்டனிலோ நியூயார்க்கிலோ பதிவான பாட்டாக இருக்கும். எழுதி வைத்த ஸ்வரக் குறிப்பு எதுவும் கைக்கு வராத காலம் அது. டேப்பைத் திரும்பத் திரும்பச் சுற்றி, காதால் கேட்டே ஒவ்வொரு இழையையும் பிரித்தெடுக்க வேண்டும். அப்படியே வாசித்துக் காட்டினால் "ரிக்கார்டு மாதிரியே இருக்கு" என்று கைதட்டல் கிடைக்கும்.

நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியிலும், கேரளத்துத் திருவிழா கானமேளாவிலும் பாடகனுக்குக் கிடைக்கும் உச்சப் புகழ்ச்சி இதே வாசகம்தான். அந்தக் கைதட்டலில் ஒரு வினை இருக்கிறது. எவ்வளவுக்கெவ்வளவு அசலைப் போலவே வாசிக்கிறானோ, அவ்வளவுக்கவ்வளவு அவனுடைய சொந்தப் பாட்டுக்குக் கேட்பார் இல்லாமல் போகிறது. "தெரிந்த பாட்டாக வாசியுங்கள்" என்று கூட்டம் கேட்கும். கூட்டத்தின் மேல் குற்றமில்லை. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவருக்குப் புதுப் பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

13 ஏ.டி. அந்த வேலியைத் தாண்டியது. 1990-ல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற ஆல்பம் வெளிவந்தது. குண்டு விழுந்து வெடிக்கும் நேர் புள்ளிக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். 1992-ல் 'டஃப் ஆன் தி ஸ்ட்ரீட்ஸ்' வந்தது. இரண்டும் இவர்களே கட்டிய ஆங்கிலப் பாடல்கள். யேசுதாஸின் குரல் ஒலிக்காத டீக்கடையே இல்லாத நாட்டில், சினிமாவின் துணையில்லாமல், ஆங்கிலத்தில், கொச்சியிலிருந்து ஒரு ராக் கேசட்! துணிச்சல்தான். இந்தியா முழுவதும் ராக் ரசிகர்களிடையே பேசப்பட்டதும் அதனால்தான்.

பேச்சு இருந்ததே தவிர, பிழைப்புக்கு அது போதவில்லை. இந்த இசைக்கு அன்று இருந்த சந்தை, கல்லூரி விழாக்களும் ஓட்டல்களும் மட்டுமே. 1990-களின் நடுவில் கோஷ்டி கலைந்தது. கலூரில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் திறக்கப்பட்டது 1996-ல். ஊரில் ஆயிரக்கணக்கானோர் கூடக்கூடிய பெரிய மைதானம் வந்தபோது இவர்கள் மேடையை விட்டு இறங்கியிருந்தார்கள்.

கமகம் வந்தது, மலையாளமும் வந்தது

அதே 1996-ல் கொச்சியில் 'மதர்ஜேன்' தோன்றியது. இவர்களும் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். ஆனால் பைஜு தர்மஜன் தம் கிட்டார் தந்தியை இழுத்து வளைத்தபோது கர்நாடக சங்கீதத்தின் கமகம் கேட்டது. 2008-ல் வந்த இவர்களது 'மக்தூப்' ஆல்பத்தைக் கேட்பவர்கள், இது எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரிக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் திருவனந்தபுரத்து 'அவியல்' கோஷ்டி ஒருபடி மேலே போய், ராக்கை மலையாளத்திலேயே பாடி ஆல்பம் போட்டது. 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் இவர்களது பாட்டு இடம்பெற்றது. சினிமாவே இவர்களைத் தேடி வந்துவிட்டது.

2013-ல் தொடங்கிய தைக்கூடம் பிரிட்ஜுக்கு வழி ஓரளவு செப்பனிடப்பட்டிருந்தது. சாளையும் அயிலையும் மணக்கும் ஊர்க்காரர்களாயிற்றே, மீனைப் பற்றியே 'ஃபிஷ் ராக்' என்று சொந்தமாக ஒரு மலையாளப் பாட்டுக் கட்டினார்கள். ஆனால் முதன்முதலில் இவர்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது எது தெரியுமா? 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரில் இவர்கள் கோத்துப் பாடிய பழைய சினிமாப் பாட்டுகள்!